குறுஞ்செய்தி ஏன் இரண்டாகிறது?

கேள்வி: தேக்கா சந்தையிலிருந்து அம்மாவுக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினேன். மூன்றே வரிதான், ஆனால் கைப்பேசி இரண்டு செய்தி என்று கணக்குக் காட்டுகிறதே?
- வாசகி, ஈசூன்

பதில்: ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட்தான் இடம், அதாவது 1,120 பிட் (பிட் என்பது கணினித் தகவலின் மிகச் சிறிய அளவு). ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு வழக்கமாக 16 பிட், அதனால் 70தான்; அதைத் தாண்டினால் இரண்டு செய்தி ஆகிவிடும். அதிலும் பாருங்கள், ‘சிங்கப்பூர்’ நமக்கு 6 எழுத்து, கைப்பேசிக்கோ 11! புள்ளிக்கும் ‘ி’, ‘ூ’ போன்ற துணைக்குறிக்கும் கைப்பேசியில் தனித்தனி எண் உண்டு, அதனால் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகக் கணக்காகிறது. நடுவே ஒரே ஒரு தமிழ்ச்சொல் வந்தாலும் செய்தி முழுவதும் 16 பிட்டுக்கு மாறிவிடும்.

அதற்காக ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவிடாதீர்கள், அம்மா தமிழிலேயே படிக்கட்டும். பிடோக்கில் இருக்கும் என் அக்காவுக்கு நான் வாட்ஸ்அப்பில்தான் எழுதுகிறேன்; அங்கே இந்த 70 கணக்கு கிடையாது.