ஆறு பேருடன் தொடங்கிய கல்லூரி

கேள்வி: அமெரிக்காவின் ஜோலியட் ஜூனியர் கல்லூரிக்கு 2026-ல் 125 வயதாமே? அப்படி என்ன விசேஷம்?

பதில்: அந்நாட்டின் அரசு சமுதாயக் கல்லூரிகளில் இதுதான் மூத்தது. 1901-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தில், 6 மாணவர்களோடு உயர்நிலைப் பள்ளி ஒன்றிலேயே தொடங்கினார்கள். இத்தகைய கல்லூரியில் மாணவர்கள் ஊரைவிட்டுப் போகாமல், குறைந்த கட்டணத்தில் பட்டப்படிப்பின் முதல் 2 ஆண்டுகளை முடித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் மாறலாம்.

சறுக்குவது அந்த மாறும் இடத்தில்தான். சுமார் 60 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பு அலகு) சேர்த்திருப்பார்கள். ஆனால் பொறியியலுக்கு வேண்டிய கால்குலஸை (நுண்கணிதம்) படிக்காமல் விட்டிருப்பார்கள். கூடுதலாக ஓராண்டுகூடப் போய்விடும். தொழிற்பயிற்சிப் பாடங்கள் பல, பட்டக் கணக்கில் வராது என்பதும் பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. முதல் பருவத்திலேயே, சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலை ஆலோசகரிடம் கொடுத்து, ஒவ்வொரு பாடமாக ஒப்பிட்டுவிட வேண்டும்.