மறியலும் பொதுமக்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பகுதியில் தூய்மைப் பணியாளர்கள் சம்பள பாக்கி கேட்டு மறியல் செய்தார்கள். மறுநாள் பேப்பரில், ‘போக்குவரத்து பாதிப்பு, பொதுமக்கள் கடும் அவதி’. மறியல் செய்தவர்கள் பொதுமக்கள் இல்லையா? நீங்கள்கூட ‘பொதுமக்களுக்கு ரசனை போதாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறீர்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ரசனைக்கு இன்னொரு நாள் சண்டை போடலாம். முதல் கேள்வி கொஞ்ச நாளாக என் மண்டையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2003 ஜூலையில், பறிக்கப்பட்ட ஓய்வூதியப் பலன்களைக் கேட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு, டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி, சுமார் 1.7 லட்சம் பேரை விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. தொடக்கப்பள்ளி ஆசிரியையான என் சித்தியும் அதில் உண்டு.

தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள் அவள். அந்த வாரம் அதே தெரு டீக்கடையில், “கைநிறையச் சம்பளம், அப்புறமும் ஸ்டிரைக்கா? பொதுஜனம் என்ன பாவம் செய்தது?” என்றார் ஒருவர். அவர் பஸ் கண்டக்டர். அதற்கு முன்பு ஒருமுறை போனஸுக்காக அவர்கள் பஸ்ஸை நிறுத்தியபோது, பஸ் ஸ்டாண்டில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டிய பொதுஜனம் யார் தெரியுமா? என் சித்தி.

இதைத்தான் சொல்ல வருகிறேன். நம் சம்பளத்தைக் கேட்டு வாய் திறக்கும்வரை நாமெல்லாம் பொதுமக்கள். திறந்த அன்றைக்கே ‘ஒரு தரப்பினர்’. அரசுக்கு இதைவிட வசதி ஏது? தன் கஜானாவுக்காக என்று சொல்லி அடித்தால் அசிங்கம். பொதுமக்களுக்காக என்று சொல்லி அடித்தால் அக்கறை. அந்த ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றமும், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை மட்டுமல்ல, சட்ட உரிமையும் தார்மீக உரிமையும்கூட இல்லை என்றது. அதற்குள் சித்தி மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியிருந்தாள். கண்டக்டருக்குத்தான் முதலில் இனிப்பு கொடுத்தாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, பேப்பரைக் குறை சொல்கிறீர்கள். மறியலன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தீர்கள் என்றே நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல மனசு இல்லாதவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார். ஆனால் அவர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நாளைக் காலை குப்பை வண்டி வரும்போது கேட்டு, எனக்கு எழுதுங்கள்.