மரம் பழசு, அலமாரியும் பழசா?

கேள்வி: தேவாலயத்தில் இருந்து எடுத்த செதுக்கு வேலையோடு ஓர் ஓக் அலமாரி விலைக்கு வருகிறது. 16ஆம் நூற்றாண்டுப் பொருள் என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். செதுக்கிய பலகை அந்தக் காலத்துடையதாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்து அலமாரி செய்தது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான். இங்கிலாந்தில் அப்போது தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய இருக்கைகளையும் மரத் தடுப்புகளையும் கழற்றிப் போட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் மூடப்பட்ட மடங்களின் மரவேலைகளும் கப்பலேறி வந்தன. லண்டன் வார்டர் தெருக் கடைகளில் இவற்றை வெட்டிச் சேர்த்து அலமாரியும் பெட்டியுமாக விற்றார்கள். போலிப் பழமைக்கு அந்தத் தெருவின் பெயரே பட்டப்பெயராகிவிட்டது.

சரி, ஒரு டார்ச்சோடு போங்கள். முதலில் செதுக்கு வேலை எங்கே முடிகிறது என்று பாருங்கள். எந்தத் தச்சனும் திராட்சை இலையைப் பாதியில் நிறுத்த மாட்டான். சட்டத்தின் ஓரத்தில் இலையோ, மடித்த துணி போலச் செதுக்கிய வேலைப்பாடோ அறுபட்டு நின்றால், அது வேறொன்றுக்காகச் செதுக்கிய பலகை.

அடுத்தது எனக்குப் பிடித்த சாட்சி, பூச்சி. மரத்தைக் குடையும் வண்டு வெளியேறும்போது மேற்பரப்பில் சுமார் 2 மில்லிமீட்டரில் ஒரு வட்டத் துளைதான் போடும். அதன் பாதை மரத்துக்குள்ளேயே நெளிந்து ஓடும். அந்தப் பாதை வெளியே வாய்க்கால் மாதிரி திறந்து கிடக்கிறதா? அப்படியென்றால் மரம் உளுத்த பிறகு யாரோ அதை அறுத்திருக்கிறார்கள், இல்லை இழைத்திருக்கிறார்கள். விற்பவருக்கு வேண்டுமானால் ஞாபகம் பிசகலாம், வண்டுக்குப் பிசகாது.

அப்புறம் பின்பக்கம். வில் போல வளைந்த அறுப்புக் கோடுகள் வட்ட ரம்பத்துடையவை. அவை 16ஆம் நூற்றாண்டில் இருக்க வழியில்லை. முனை கூரான திருகாணிகள் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். எதுவும் பொருந்தாமல் வெறுமனே கிடக்கும் மூட்டுக் குழிகள், அடைத்து மெழுகிய ஓட்டைகள் எல்லாம் பலகையின் முந்தைய வேலையைச் சொல்லும்.

இவ்வளவும் இருந்தால் வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம், 19ஆம் நூற்றாண்டுப் பொருளின் விலைக்கு. ‘பழைய செதுக்கு வேலைகளைச் சேர்த்துப் பிற்காலத்தில் செய்தது’ என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சமீபத்தில் கழற்றிய பலகை என்றால், தேவாலயமே விற்றதற்கான கடிதம் அவசியம். அங்கிருந்து திருட்டுப் போகும் மரவேலைகளும் சந்தைக்கு வருகின்றன.

வாங்கியதும் பாலிஷைச் சுரண்டாதீர்கள். செதுக்கலின் இடுக்கில் சிவப்போ பச்சையோ ஒட்டியிருந்தால் அது பழைய தேவாலய வண்ணமாக இருக்கலாம். அதில் ஈயம் கலந்திருக்கவும் கூடும், தேய்க்கவே வேண்டாம். அலமாரிக்கு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து வையுங்கள். வெயில் காலத்தில் புதிதாக மரத்தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கலாம். பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடும் வரை மற்ற மரச் சாமான்களைத் தள்ளி வையுங்கள்.