ஒரு கண்ணை மூடினால் ஒன்று, திறந்தால் இரண்டு

கேள்வி: எனக்கு 57 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு காலையில் வாசலில் நின்ற ஆட்டோ இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கண்ணை மூடினாலும் சரியாகிவிடுகிறது. கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், இடது கண்ணை அசைக்கும் ஆறாவது நரம்பு பலவீனமாகிவிட்டது, 3 மாதம் பொறுங்கள் என்கிறார். அக்கம்பக்கத்தில் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்கிறார்கள். மருந்தே இல்லாமல் எப்படிப் பொறுத்திருப்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, எந்தக் கண்ணை மூடினாலும் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்ளேயே, கண்புரையாகவோ கண்ணாடியால் திருத்தக்கூடிய குறையாகவோ இருக்கும். உங்களுக்கு இரண்டு கண்களும் தனித்தனியே ஒழுங்காகப் பார்க்கின்றன. ஒரே இடத்தை நோக்கிச் சேர்ந்து திரும்பத்தான் அவற்றால் முடியவில்லை. புதுக் கண்ணாடி உதவாமல் போனதற்குக் காரணம் இதுவே.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் அசைக்கின்றன. அவற்றுள் கண்ணைக் காதுப் பக்கமாகத் திருப்பும் ஒரே ஒரு தசைதான் ஆறாவது நரம்பின் பொறுப்பு. நெடுநாள் சர்க்கரையாலும் ரத்த அழுத்தத்தாலும் அந்த நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்கள் பழுதடையும்போது, அது திடீரென்று செயலிழக்கிறது. ஆகவே இடப்பக்கம் பார்க்கும்போதும் தொலைவில் பார்க்கும்போதும் உருவங்கள் அதிகம் விலகும். செய்தித்தாள் படிக்கையில் அவ்வளவு தொல்லை இராது. முகத்தை இடப்புறம் திருப்பிக்கொண்டு பார்க்கும் பழக்கமும் உங்களை அறியாமலே வந்திருக்கக்கூடும். அது உடல் தானாகக் கண்டுகொண்ட வழி. வீட்டார் சொல்கிறார்களே என்று அதை விட வேண்டாம்.

இந்த வகைப் பாதிப்பு பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 6 மாதங்களுக்குள் தானாகவே குணமாகிறது. அதுவரை சும்மா இருப்பதாக எண்ணாதீர்கள்: சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் கட்டுக்குள் வைப்பதே இப்போதைய சிகிச்சை. அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தோ மாத்திரையைக் கூட்டியோ சர்க்கரையைச் சட்டென்று இறக்காதீர்கள். பூச்சாறு வேண்டவே வேண்டாம். கண்ணில் விடும் எந்தத் துளியும் இந்த நரம்பைச் சரிசெய்யாது. நீங்களாகப் பிழிந்த சாறு கிருமியைக் கொண்டுபோய்க் கருவிழியைப் புண்ணாக்கிவிடலாம்.

அன்றாட வேலைகளுக்கு, மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான ஒட்டுநாடாவை ஒட்டிக்கொள்ளுங்கள். இரட்டை உருவம் உடனே மறையும். பெரியவர்களுக்கு இப்படி மறைப்பதால் பார்வை கெட்டுப்போகாது. ஆனால் ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போது தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது. காபி ஊற்றும்போது பாத்திரத்தின் விளிம்பை டம்ளரின் விளிம்பில் தொடவைத்து ஊற்றுங்கள். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படியைக் காலால் உணர்ந்த பிறகு எடையை மாற்றுங்கள். மருத்துவர் சம்மதிக்கும் வரை ஸ்கூட்டர் ஓட்டவே கூடாது.

ஒன்றை மட்டும் உங்கள் வீட்டார் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இமை தொங்கினாலோ, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக விரிந்தாலோ, இதுவரை கண்டிராத கடுமையான தலைவலி வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கைகால் வலுவிழந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கும் பக்கவாதத்துக்கும் இவை அறிகுறிகள். அடைப்பால் வரும் பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தலை சீவும்போது நெற்றிப்பொட்டு வலித்தாலும், மெல்லும்போது தாடை வலித்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 50 வயதைக் கடந்தவர்களுக்கு ரத்தக்குழாய் அழற்சியால் பார்வையே பறிபோகும் ஆபத்து அதில் இருக்கிறது. மாலையில் மட்டும் இரட்டைப் பார்வை மோசமாகி, ஓய்வெடுத்தால் குறைகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; தசைச் சோர்வு நோய்க்கான பரிசோதனை தேவைப்படலாம்.

3 மாதம் கழித்தும் முன்னேற்றம் இல்லையென்றால், மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும். மறைப்புக்குப் பதிலாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், ஒளியை வளைத்து இரண்டு உருவங்களையும் ஒன்றுசேர்க்கும் ப்ரிஸம் வில்லை இருக்கிறது. அதை இப்போதே கேட்டுப் பார்க்கலாம். 6 மாதங்களுக்கு மேலும் கண் திரும்பாமல் நின்றுவிட்டவர்களுக்கு, விலகலின் அளவு மாறாமல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, கண் தசையில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.