ஆச்சியைக் கேளுங்க: வண்டியே வீடுன்னு ஆனப்புறம்

போன இதழ்ல, ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரும் வேன்லயே குடித்தனம் பண்றோம்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், செட்டிநாட்டுப் பலகாரப் பக்குவம் கேட்டு வர்ற கடுதாசி எல்லாம் நின்னு போயி எல்லாரும் வண்டியப் பத்தியே கேக்குறீக. சரி, இந்த மாசம் மனகோலத்துக்கும் சீப்புச் சீடைக்கும் லீவு.

நாலு கட்டு வீட்டுல புழங்கிட்டு அந்த டப்பாக்குள்ள எப்படி ஆச்சி இருக்கீக? எங்க வீட்டுலயும் அவுக ரிட்டயர் ஆகப் போறாக, வண்டி வாங்கணும்னு ஒரே பிடியா நிக்கிறாக.
கோனாபட்டு வாசகி

வெளியூர்க்காரக கேட்டா பரவாயில்ல, நம்ம ஊர்ப் பிள்ள நீங்களே கேக்கலாமா? முகப்பு, நடு முற்றம் வச்ச வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியற வீடுதான், இல்லைங்கல, ஆனா அதுல உங்க புள்ளிக்குன்னு, அதான் உங்க ரெண்டு பேர் குடித்தனத்துக்குன்னு, சாவி போட்டுப் பூட்டறது எது, வளவச் சுத்தி இருக்கற அறையில ஒண்ணுதானே, மத்ததெல்லாம் பங்காளிகளுக்கும் பொதுதானே. வண்டியிலயும் அதே கணக்குதான், பூட்டற அறை சின்னது, கதவத் தொறந்தா வெளிய இருக்கறது எல்லாம் பொது. எனக்கு இடம் பத்தலைன்னு தோணுனதே இல்ல. பத்தாதது சாமானுக்குத்தான். வண்டி ஓடும்போது ஆடாம உக்கார ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூலை வேணும், அப்படி மூலை கிடைக்காதது எல்லாம் ஊர்லயே இருக்கட்டும்னு விட்டாச்சு, கல்சட்டி, வெங்கலப்பானை, என்னோட ஆட்டுக்கல்லு எல்லாம் அப்படி விட்டதுதான். ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கறப்ப எந்த டப்பா சத்தம் போடுதுன்னு இப்ப காத வச்சே சொல்லிருவேன், கடுகு டப்பா மூடி லேசா கிணுகிணுங்கும், பருப்புப்பொடி பாட்டில் சாஞ்சா தொம்முன்னு ஒரு தடவதான் கேக்கும், அதுக்கு அப்புறம் துடைக்கற வேலை.

எந்த வண்டி வாங்கறது? பழைய வேனை வாங்கி நம்ம ஊர் ஆசாரிய வச்சே உள்ள கட்டில் போட்டுக்கலாமா? லாரி லைசென்ஸ் எடுக்கணுமா?
காரைக்குடி, ஓய்வு பெற்ற ஆசிரியர்

சார், ஆசாரி நல்லாத்தான் போடுவாரு, தேக்குலயே போடுவாரு, ஆனா ஆர்டிஓ ஆபீஸ்ல ஒத்துக்கணுமே. ஆர்சி புக்குல என்ன இருக்கோ அதுக்கு மாறா வண்டியோட உடம்ப மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லிச்சு. மோட்டார் கேரவனுக்குன்னே ஏஐஎஸ் 124ன்னு ஒரு தரம் வச்சிருக்காக, அதுபடி கட்டற பட்டறையில குடுத்து, சொந்த உபயோக கேம்பர் வேன்னு புக்குல ஏத்தி வாங்கிக்கங்க, வெள்ளை போர்டே கிடைக்கும். இன்சூரன்ஸ்லயும் அப்படியே இருக்கணும், இல்லைன்னா ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா கிளெய்ம் அப்ப கையை விரிச்சிருவாக. லைசென்ஸ் பயம் வேண்டாம், மொத்த எடை 7500 கிலோக்குள்ள இருந்தா கார் லைசென்ஸே போதும். ஆனா அந்த எடையில தண்ணி டேங்கும் சேத்தின்னு மறந்துறாதீக, 100 லிட்டர் ரொப்புனா 100 கிலோ ஏறிருச்சு. மைலேஜ் கேக்காதீக, எங்களுக்கு லிட்டருக்கு 10 கிடைச்சா அன்னைக்கு எங்க வீட்டுக்காரக முகமே வேற.

கேக்கவே கூச்சமா இருக்கு ஆச்சி. கக்கூசுக்கு என்ன பண்றீக?
தேவகோட்டை வாசகி

கூச்சப்படாதீக, வண்டி பாக்க வர்ற பொம்பளைக எல்லாம் முதல்ல கேக்கறது இதைத்தான், ஆம்பளைக இன்ஜினப் பாத்துட்டுப் போயிருவாக. உண்மையச் சொன்னா இந்த வாழ்க்கையில நெசமான கஷ்டம் இது ஒண்ணுதான், தண்ணியும் கழிவும். எங்க வண்டியில இருக்கறது கேசட் டாய்லெட், உக்கார்றதுக்கு அடியில சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி, 20 லிட்டர் சுமார் பிடிக்கும், ரெண்டு பேருக்கு ரெண்டு மூணு நாள் தாங்கும். ரொம்புனா சின்ன விளக்கு ஒண்ணு சிவப்பா எரியும். அப்புறம் வெளிப்பக்கத்துக் கதவத் தொறந்து, உருவி, சக்கரத்துல வச்சு இழுத்துட்டுப் போயி ஒரு நல்ல கக்கூஸ்ல கவுக்கணும், கவுக்கறப்ப மேல இருக்கற காத்து பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே மெதுவா ஊத்தணும், இல்லைன்னா குபுக்குன்னு தெறிச்சிரும். இவுகதான் அந்த வேல, கையுறை, மாஸ்க், பழைய வேட்டின்னு அதுக்குன்னே தனி உடுப்பு வச்சிருக்காக.

இதுக்குன்னு வெளிநாட்டுல கேம்ப்புக்குக் கேம்ப்பு கொட்டற இடமே கட்டி வச்சிருக்காக, இங்க அது அநேகமா இல்ல. அதனால லாட்ஜோ, கல்யாண மண்டபமோ, தெரிஞ்சவக வீடோ கேட்டு, காசு குடுத்து, கழுவி விட்டுட்டு வரணும். பெட்ரோல் பங்க்ல காத்து, குடிதண்ணி, கழிப்பறை மூணும் சும்மா குடுக்கணும்னு விதி இருக்கு, ஆனா அது ஆள் போறதுக்கு, பெட்டி கவுக்கறதுக்கு இல்ல, கேட்டுட்டுத்தான் செய்யணும். நெடுஞ்சாலையில ஒரு பங்க்ல கேட்டதுக்கு அந்தப் பையன் எங்கள ஏற எறங்கப் பாத்துட்டு, ஆஸ்பத்திரி வண்டியான்னு கேட்டான், இல்லப்பா வீடுன்னேன், நம்பவே இல்ல. செப்டிக் டேங்க் இருக்கற வீட்டுல ஊத்தறதா இருந்தா நாத்தம் அடங்கப் பெட்டிக்குள்ள போடற மருந்துல ஃபார்மலின் கலந்தத ஊத்தாதீக, அந்தத் தொட்டியில இருக்கற பாக்டீரியா செத்துப் போயிரும், என்சைம் மருந்தா பாத்து வாங்குங்க.

ராத்திரியோட ராத்திரியா ரோட்டோரக் கால்வாய்ல தொறந்து விட்டுட்டுப் போற சொகுசு வண்டிகளயும் பாத்திருக்கேன். பத்திக்கிட்டு வரும். குடிதண்ணி ஊருணியில காலக் கூட நனைக்க விடாத ஊர்ல பொறந்தவக நாம, தண்ணியப் பத்தி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. குளியல், சமையல், பாத்திரம் எல்லாம் சேத்து ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர்ல ஓட்டறோம், வாளி வச்சுக் குளிச்சாத்தான் அது முடியும், ஷவர் தொறந்தா அஞ்சு நிமிஷத்துல காலி.

ஏசி ஓடுமா? சோலார் போதுமா?
புதுவயல் வாசகர்

இதுக்கு இவுகளயே எழுதச் சொன்னேன், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கே, அந்த சிக்ரியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவுக, பேட்டரின்னா சோத்தக் கூட மறந்துருவாக. அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து நேரு 1948ல கல்லு வச்ச இடம்ல அதுன்னு ஆரம்பிச்சாக, நான் கணக்க மட்டும் சொல்லுங்கன்னேன். கணக்கு இதுதான். 12.8 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒண்ணுல 2.5 யூனிட் சொச்சம் நிக்கும். கூரையில 400 வாட் பேனல் ரெண்டு போட்டா நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 3 யூனிட் பக்கம் வரும். இண்டக்சன் அடுப்பு முக்கா மணி நேரம் எரிஞ்சா ஒரு யூனிட், ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் சேத்து இன்னொண்ணு. ராத்திரி பூரா ஒரு டன் ஏசி போட்டா 5 யூனிட்டுக்கு மேல இழுக்கும், எங்கேர்ந்து வரும்? அதனால வெளிய 15 ஆம்பியர் பிளக் கிடைக்கற எடத்துலதான் ஏசி, மத்த நாள்ல ரெண்டு ஃபேனும் கொசுவலையும். சித்திரை, வைகாசியில நாங்க சமவெளியிலயே இருக்கறதில்ல, அதுதான் எங்க ஏசி. லே, லடாக் பக்கம் போறவுக ஒண்ணு மட்டும் கவனிங்க, பூஜ்யம் டிகிரிக்குக் கீழ போனா இந்த லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தக் கூடாது, கெட்டுப் போயிரும். பழைய லெட் ஆசிட் பேட்டரி வாங்காதீகன்னும் சொல்லச் சொல்றாக, அதுல பாதிக்கு மேல எடுத்தா சீக்கிரமே ஆயுசு முடிஞ்சிருமாம்.

சண்டை வராதா?
கண்டனூர், பெயர் வேண்டாம்

வரும். மூணு வருஷக் கணக்குக்குப் பர்மா போயி வட்டிக்கடை வச்சுக் கொண்டுவித்தவுக வீட்டு ஆச்சிமாருக்கு அந்தப் பிரச்சினையே இல்ல, கடுதாசியிலதான் சண்டை. எங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கறப்பதான். நான் பின்னாடி நின்னு வாங்க வாங்கன்னு கை காட்டணும், கண்ணாடியில என்னத் தெரியலைன்னா உடனே நிறுத்திரணும்னு பேசி வச்சிருக்கோம், பேசி வச்சபடி நடக்கறது இவுக கையில.

எங்க மகன் அமெரிக்காவுல இருக்கான். அங்க வயசானவங்க வீட்டையே வித்துட்டு இப்படி வண்டியில கிளம்பிடறாங்களாம், பாத்துட்டு வந்து இவரும் ஊர் வீட்டை வித்துடலாம்ங்கறார். உங்க அபிப்பிராயம்?
ராயவரம் வாசகி

விக்க விடாதீக. அங்க அதுக்கு ஊரே தோதா இருக்கு. சவுத் டகோட்டா மாதிரி மாநிலத்துல ஒரு ராத்திரி தங்குன ரசீதும் தபால் முகவரியும் காட்டுனா லைசென்ஸே எடுத்துக்கலாம். கேம்ப்புல தண்ணி, கரண்ட், கழிவுக்குழாய் மூணும் வண்டிக்குப் பக்கத்துலயே மாட்டிக்கலாம். பல எடத்துல அரசு பொது நிலத்துல 28 நாள்ல 14 நாள் காசில்லாம நிறுத்திக்கலாம். 62 வயசு ஆன குடிமகனா, கிரீன் கார்டுக்காரரா இருந்தா 80 டாலர்ல ஆயுசுக்கும் தேசியப் பூங்கா பாஸ். இங்க உங்க ரேஷன் கார்டு, ஓட்டு, ஆதார், கேஸ் எல்லாமே அந்த வீட்டுக் கதவு நம்பர்ல தொங்குது. அதுவும் நம்ம வீடு உங்க ஒரு புள்ளி வீடா? பங்காளிக பத்துப் பேர் கையெழுத்து வாங்கறதுக்குள்ள வண்டியே பழசாயிரும். நாங்க கோயில் புள்ளி வரி கட்டறதுக்கும், முன்னோருக்குப் படைக்கற படைப்புக்கும், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கவும் ஊருக்கு வந்துருவோம், வண்டிய முகப்பு ஓரமா நிறுத்திருவோம், நம்ம தெருவெல்லாம் தேர் போற அகலம், திருப்ப சிரமமே இல்ல. முதுகு வலி வந்தாலும் படுக்க ஒரு இடம் வேணும்ல.

பென்ஷன் உயிர்ச்சான்று, இன்சுலின் இதெல்லாம்?
திருப்பத்தூர் வாசகர்

உயிர்ச்சான்றுக்கு நவம்பர் மாசம் ஊருக்கு ஓடி வர வேண்டியதில்ல, ஜீவன் பிரமாண் செயலியில முகத்தக் காட்டுனா போதும், 80 வயசு தாண்டுன மத்திய அரசு பென்ஷன்காரகளுக்கு அக்டோபர்லயே ஆரம்பிச்சிரும். இன்சுலின் தொறக்காதது 2லேர்ந்து 8 டிகிரியில இருக்கணும், ஃப்ரீசர் தட்டுக்குப் பக்கத்துல வச்சு உறைய விட்றாதீக. டேஷ்போர்டுல ஒரு மணி நேரம் கூட வைக்காதீக, வெயில்ல நிக்கிற வண்டி கொதிக்கும். வழியில எந்த ஊர்ல என்ன டாக்டர்னு தேடறத விட, உங்க டாக்டர்கிட்டயே சீட்டு, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஃபோன்ல படம் எடுத்து வச்சுக்கங்க.

ராத்திரி எங்க நிறுத்தறீக? ஊட்டிக்கு இதுல போகலாமா?
பள்ளத்தூர் வாசகி

நம்மாளுகளுக்கு என்ன கவலை, காசி, ராமேஸ்வரம், பழனின்னு பெரியவக நம்ம நகரத்தாருக்குன்னு நகரவிடுதி கட்டி வச்சிருக்காக, முன்னாடியே ஃபோன் பண்ணி ஊரு, கோயில் சொன்னா வாசல்ல நிறுத்த விடுவாக, சாப்பாடும் ஆச்சு. மத்த எடத்துல கோயில் பார்க்கிங், லாட்ஜ் முற்றம். கேரளாவுல 2021லயே கேரவன் டூரிசத்துக்குன்னு கொள்கை போட்டு வாகமண்ல பார்க்கும் வந்தாச்சு, நாமளும் செய்யலாம், இத்தனை வீடு பூட்டிக் கெடக்கே, பின்கட்டுல நாலு வண்டி நிக்காதா? ஹைவே ஓரத்துல லாரிகளுக்கு நடுவுல மட்டும் படுக்காதீக, தூக்கமும் வராது.

ஊட்டிக்குப் போகலாம். 2024 மே 7லேர்ந்து இ-பாஸ் வேணும், கொடைக்கானலுக்கும் அதே மாதிரிதான். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் இருந்தா செக்போஸ்ட்ல எடுத்துருவாக, எவர்சில்வர் குடம் போதும். அங்கேர்ந்து மைசூர் போறதா இருந்தா கல்லட்டி வழி கேக்காதீக, 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டிய அதுல எறங்க விட மாட்டாக, கூடலூர் சுத்தித்தான் போகணும், எறக்கம் பூரா ரெண்டாவது கியர்ல, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி பிடிக்காது. பந்திப்பூர்ல ராத்திரி 9லேர்ந்து காலைல 6 வரைக்கும் கேட்ட மூடிருவாக. சாயங்காலம் ஆயிருச்சுன்னா கூடலூர்லயே ஒரு லாட்ஜ் முற்றத்தக் கேட்டு நிறுத்தி, ரெண்டு தோசை ஊத்தித் தின்னுட்டுப் படுங்க, காலைல முதல் வண்டியா போனா யானை பாக்கலாம், கீழ மட்டும் எறங்காதீக.