சம்பந்தி வரும் நாளில் துண்டை ஒளிக்காதீர்கள்

தம்பி, அடுத்த மாதம் அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வருகிறார்கள், அமெரிக்கத் தோழியின் பெற்றோரையும் அவர்களையும் முதல்முறை ஒன்றாக உட்கார வைக்க வேண்டும், ஹோட்டலா வீடா, நம்மவர்களுக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்துத் தயார் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வீடுதான். தயார் செய்யும் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் 1938இல் வந்த 'யூ கான்ட் டேக் இட் வித் யூ' படத்தை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். ஃபிராங்க் காப்ரா எடுத்தது, சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்று இரண்டு ஆஸ்கர். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வங்கி முதலாளியின் மகன், ஜீன் ஆர்தர் அதே ஆபீஸில் ஸ்டெனோ. பெண் வீட்டில் ஆளுக்கொரு கிறுக்கு. யாரோ தவறுதலாக ஒரு டைப்ரைட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள் என்பதற்காக அம்மா நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறாள், நிலவறையில் வாணவெடி தயாராகிறது, தாத்தாவோ வருமான வரி கட்ட மாட்டேன் என்று வந்த அதிகாரியிடமே வாதாடுகிறார். பையன் வீட்டார் வரும் அன்று மட்டுமாவது எல்லோரையும் ஒழுங்காக இருக்க வைக்கலாம் என்று அந்தப் பெண் நினைத்திருக்க, பையன் வேண்டுமென்றே முந்தின நாளே பெற்றோரைக் கூட்டிவந்து நிற்கிறான். அப்புறம் என்ன, ரஷ்ய நடன வாத்தியார் வங்கி முதலாளியை மல்யுத்தப் பிடி போட்டுத் தரையில் தள்ள, போலீஸ் வர, வெடி மொத்தமும் வெடித்து, இரண்டு குடும்பமும் லாக்கப்பில்! அவளிடம் சொல்லாமல் நாளை மாற்றியது தப்புதான். ஆனால் யாரையும் நடிக்க விடவில்லை பாருங்கள், அந்த ஒரு விஷயத்தில் நான் அவன் கட்சி.

நான் செய்தது நேர் எதிர். 2004, பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்ட். அப்பாவுக்கு ஒரு வாரம் முள்கரண்டிப் பயிற்சி கொடுத்தேன், அவர் தோள் துண்டையும் ஊறுகாய் பாட்டிலையும் பீரோவுக்குள் ஒளித்தேன், சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு. வந்தவர்களும் மகளிடம் இதேபோலப் பாடம் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமனார் கைகூப்பிவிட்டு அடுத்த முக்கால் மணி நேரம் பனியைப் பற்றியே பேசினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, ரசத்துக்குத் தாளிக்கிறேன் என்று எழுந்து போனார், மிளகாய் நெடியில் புகை அலாரம் வீலென்று கத்த ஆரம்பித்தது. மாமனார் பாய்ந்து நாற்காலி மேல் ஏறிவிட்டார், விசிற ஏதாவது கொடு என்று கை நீட்டுகிறார், அப்பா உள்ளே ஓடி நான் ஒளித்த துண்டைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார். எல்லோரும் இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்தோம். அதன் பிறகு அப்பா முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார், நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமியார் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. படத்தில் அந்த முதலாளி கடைசியில் தாத்தாவோடு உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பார், அதெல்லாம் சினிமாவில் சீக்கிரம் நடக்கும். எங்கள் மாமியாருக்கு மூன்று வருஷம் பிடித்தது.

அதனால் அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இது சம்பந்தம் பேசும் நாள் அல்ல, சும்மா பார்த்துக்கொள்வது, இதை மட்டும் அப்பாவிடம் இரண்டு முறை சொல்லுங்கள், இல்லையென்றால் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் நிஜமாகவே வேண்டாம் என்றுதான் அர்த்தம், மூன்றாவது தடவை கரண்டியோடு போய் நிற்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். என்ன கொண்டு வரட்டும் என்று அவர்கள் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கேக்கோ ஐஸ்கிரீமோ கேளுங்கள், சந்தோஷப்படுவார்கள். நட்ஸ் அலர்ஜி யாருக்காவது உண்டா என்று அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள், நம் சமையலில் முந்திரி எதில் விழுந்திருக்கிறது என்று நமக்கே தெரியாது.