மார்பிளிங் (நீர்ப்பரப்பில் நிறத்தை மிதக்கவிட்டு, அந்த வடிவத்தைத் தாளில் ஒற்றி எடுக்கும் கலை) செய்யும்போது நினைத்த வடிவம் வராத தாள்களைத் தூக்கிப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். தாள் காய்ந்ததும் பின்பக்கம் பென்சிலால் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள்.

நான் மொரீஷியஸில், கியூர்பிப்பில் இருக்கிறேன். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போட்டுப் பழகிய வீடு. அதனால் தட்டில் நான் ஊற்றுவதும் சோளமாவைக் காய்ச்சி ஆறவைத்த நீர்த்த கஞ்சிதான். அதன் மேல் தண்ணீர் கலந்த அக்ரிலிக் நிறத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, படிகார நீர் தடவிக் காயவைத்த தாளைக் கவிழ்த்து எடுப்பேன்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு உறை செய்தபோது, நீலம் விட்ட இடமெல்லாம் விலகி விலகி வெள்ளை ஓட்டைகளாகிவிட்டது. அழுகையே வந்தது. தங்கை எட்டிப் பார்த்து, "அக்கா, புளூ பே கடல் பவளப்பாறை மாதிரியே இருக்கு, எல்லாத்தையும் இப்படியே பண்ணிடு" என்றாள். காரணம் தேடினேன். பாத்திரம் தேய்க்கும் சோப்பு தட்டில் ஒட்டியிருந்திருக்கிறது. சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கும், நிறம் விலகி ஓடும். துருக்கியின் எப்ரு கலைஞர்கள் (எப்ரு என்பது அவர்கள் ஊர் மார்பிளிங்; 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை அது) நிறம் பரவுவதற்காக மாட்டுப் பித்தநீரைச் சொட்டு எண்ணிச் சேர்ப்பதும் இதே வேலைக்குத்தான். எனக்குத் தவறிப்போய் நடந்ததை அவர்கள் அளந்து செய்கிறார்கள்! இப்போது கடைசி நிறத்தில் மட்டும் பல்குச்சி நுனியளவு சோப்பு சேர்க்கிறேன்.

தாளை இறக்கும்போது கை தயங்கினால் கோடு விழும். அதுவும் வீணில்லை. முன்னும் பின்னுமாக ஒரே சீராக அசைத்து இறக்கினால் மடிப்பு மடிப்பாக அலை வரும். 'ஸ்பானிய அலை' என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

ஆனால் எல்லாத் தவறும் அழகாகிவிடாது. படிகாரம் தடவ மறந்த தாளில் அலசும்போதே நிறம் வழிந்துவிடும். அதைக் காயவைத்து, படிகாரம் தடவி, மேலே இன்னொரு முறை நிறம் எடுங்கள். அடியில் மங்கலாக நிற்கும் பழைய நிறம் ஆழம் கொடுக்கும்.

அன்று எடுத்த முதல் நீலத் தாளை மட்டும் உறையாக்காமல் வைத்திருக்கிறேன். பின்பக்கம் "தட்டை அலசவில்லை" என்று எழுதியிருக்கிறது.